மருந்துக்கு அடங்காத கிருமியைத் தேடுவது: சிங்கப்பூர் மருத்துவமனையில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு

சிங்கப்பூர் மருத்துவமனை ஒன்றில் தாதியாகவோ ஆய்வுக்கூட ஊழியராகவோ சேர்ந்த முதல் வாரத்திலேயே மூன்று பெயர்கள் காதில் விழுந்துவிடும்: எம்ஆர்எஸ்ஏ, விஆர்இ, சிபிஇ. கட்டில் தலைமாட்டில் ஓர் அட்டை தொங்கும். கணினியில் எச்சரிக்கைக் குறி தெரியும். ஷிஃப்ட் மாறும்போது "ஏழாம் கட்டில் சிபிஇ, பார்த்துக்கொள்ளுங்கள்" என்று ஒரு வரி சொல்வார்கள். எதைப் பார்த்துக்கொள்வது என்று உட்கார்ந்து சொல்லித்தர அங்கே யாருக்கும் நேரம் இருக்காது. தமிழ்நாட்டிலிருந்து வந்து சேர்ந்த தம்பி தங்கைகளும் சரி, இங்கேயே பாலிடெக்னிக் முடித்தவர்களும் சரி, இதே கேள்வியோடுதான் வருகிறார்கள். அவர்களுக்காக எழுதுகிறேன். வார்டில் தொடங்கி, லேப் போய், மறுபடி வார்டுக்கு வந்து, மாத முடிவில் எண்ணிப் பார்த்து, நோயாளியை அனுப்புவதில் முடிகிற வரிசையிலேயே போகலாம். உங்கள் மருத்துவமனையின் நடைமுறை சில இடங்களில் வேறாக இருந்தால், அங்குள்ள தொற்றுக் கட்டுப்பாட்டுக் குழு சொல்வதே செல்லும்.

யாரைத் தேடுகிறோம்

எம்ஆர்எஸ்ஏ என்பது ஸ்டெஃபிலோகாக்கஸ் ஆரியஸ் என்ற, பலர் தோலிலும் மூக்கிலும் சாதாரணமாக இருக்கும் கிருமியின் ஒரு வகை. மெத்திசிலின் வகை மருந்துகளுக்கு அடங்காது. 1961இலேயே இங்கிலாந்தில் இதைக் கண்டறிந்துவிட்டார்கள். விஆர்இ என்பது குடலில் வாழும் என்டரோகாக்கஸ். வான்கோமைசின் என்ற மருந்துக்குக் கட்டுப்படாத வகை.

சிபிஇதான் எல்லாரையும் பதறவைப்பது. ஈ. கோலை, கிளெப்சியெல்லா போன்ற குடல் கிருமிகள், மெரோபெனெம், எர்டாபெனெம், இமிபெனெம் ஆகிய கார்பபெனெம் மருந்துகளை உடைத்துப்போடும் நொதியைத் தாமே சுரக்கத் தொடங்கினால் அவற்றுக்கு இந்தப் பெயர். மற்ற மருந்துகள் கைவிட்ட பிறகு நாம் கையில் எடுப்பது கார்பபெனெம். அதுவும் கேட்காவிட்டால், மிச்சம் இருப்பவை மிகச் சில. கேபிசி, ஓஎக்ஸ்ஏ-48, என்டிஎம் என்று அந்த நொதிகளுக்குப் பெயர்கள் உண்டு. என்டிஎம் நொதியை 2008இல் இந்தியாவில் சிகிச்சை பெற்று சுவீடன் திரும்பிய ஒருவரிடம் முதலில் கண்டார்கள். 2010 வாக்கில் அது சிங்கப்பூரிலும் தென்பட்டது. இந்த நொதிக்கான மரபணு பெரும்பாலும் பிளாஸ்மிட் என்ற தனி வளையத்தில் இருக்கிறது. பள்ளியில் பக்கத்துப் பையனுக்குச் சீட்டு நகர்த்துவதுபோல, ஒரு கிளெப்சியெல்லா அதைப் பக்கத்தில் இருக்கும் ஈ. கோலைக்குக் கொடுத்துவிடும். அதனால் இரண்டு நோயாளிகளிடம் இரண்டு வெவ்வேறு கிருமிகள் கிடைத்தாலும், பரவல் ஒன்றாகவே இருக்கலாம்.

இங்கே ஒரு வித்தியாசத்தை மனத்தில் ஆழப் பதித்துக்கொள்ளுங்கள். கிருமி உடம்பில் குடியிருப்பது வேறு, நோய் உண்டாக்குவது வேறு. கிருமி குடியிருக்கும் ஆளுக்குக் காய்ச்சல் இருக்காது, புண் இருக்காது, நன்றாகச் சாப்பிடுவார், பேசுவார். ஆனால் அவரைத் தொட்ட நம் கை கழுவாமல் அடுத்த கட்டிலுக்குப் போனால், அங்கே அறுவை சிகிச்சை முடிந்து படுத்திருப்பவருக்கு அது இரத்தத் தொற்றாக முடியலாம். நோய் வந்தவரை மட்டும் சோதித்தால், கிருமி சும்மா குடியிருக்கும் அத்தனை பேரையும் தவறவிட்டுவிடுவோம். ஸ்வாப், அதாவது பஞ்சுக் குச்சியால் மாதிரி, எடுத்துத் தேடுவதற்கே காரணம் இதுதான்.

யாரைச் சோதிப்பது

வார்டில் சேரும்போதே எம்ஆர்எஸ்ஏ சோதனை செய்வது இங்கே பொது மருத்துவமனைகளில் பரவலான வழக்கம். சிபிஇ, விஆர்இ சோதனைக்கு ஆபத்து அதிகம் உள்ளவர்களைத் தேர்ந்தெடுப்பார்கள்: முன்பே கிருமி இருந்ததாகப் பதிவு உள்ளவர், அண்மையில் மருத்துவமனையில் நீண்ட நாள் கிடந்தவர், தீவிர சிகிச்சைப் பிரிவில் இருப்பவர், கடந்த 12 மாதங்களில் வெளிநாட்டு மருத்துவமனையில் தங்கியவர்.

கடைசியாகச் சொன்னதில் நம் மக்களிடம் கொஞ்சம் கவனமாக இருக்க வேண்டும். படிவத்தைப் பார்த்து "வெளிநாட்டு மருத்துவமனையில் இருந்தீர்களா?" என்று படபடவென்று கேட்டால், பெரியவர் "இல்லை" என்று தலையாட்டிவிடுவார். "போன தீபாவளிக்கு ஊருக்குப் போயிருந்தீங்களா ஐயா? அங்க உடம்பு சரியில்லாம எங்கயாவது அட்மிட் ஆனீங்களா? ட்ரிப்ஸ் ஏத்தினாங்களா?" என்று கேட்டுப் பாருங்கள். திருச்சியில் மூன்று நாள் படுத்திருந்த கதை அப்போதுதான் வெளியே வரும். சென்னையில் கண் அறுவை சிகிச்சை, ஜோகூரில் பல் பிடுங்கியது, கீழே விழுந்து மலேசியாவில் கட்டுப்போட்டது என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். கூட இருக்கும் மகளிடமும் வீட்டுப் பணிப்பெண்ணிடமும் கேளுங்கள். இரண்டு நிமிடம் பிடிக்கும். இந்த இரண்டு நிமிடத்துக்கு ஈடான கருவி எந்த லேப்பிலும் இல்லை என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

ஸ்வாப் எடுப்பது

எம்ஆர்எஸ்ஏவுக்கு மூக்கு, அக்குள், தொடை இடுக்கு ஆகிய மூன்று இடங்கள். இரண்டு மூக்குத் துவாரங்களிலும் முன்பகுதியில் குச்சியைச் சுற்றி எடுக்க வேண்டும். மருந்துக்கட்டுப் போட்ட புண் இருந்தால் அதிலிருந்தும் எடுக்கச் சொல்வார்கள்.

சிபிஇ, விஆர்இ இரண்டுக்கும் மலக்குடல் ஸ்வாப் அல்லது மலமே வேண்டும். புதியவர்கள் தடுமாறுவது இங்கேதான். கூச்சம் நோயாளிக்கு மட்டும் அல்ல, எடுப்பவருக்கும் இருக்கிறது. அதனால் தோலை மட்டும் தொட்டுவிட்டுக் குழாயை மூடி அனுப்பிவிடுகிறார்கள். லேப் அதற்கு "கிருமி இல்லை" என்றுதான் பதில் தரும். அந்தப் பதிலை நம்பி அந்த நோயாளியை ஆறு பேர் இருக்கும் அறையில் போடுவோம். குச்சியை ஆசனவாய்க்குள் சுமார் 2 செ.மீ. நுழைத்து மெதுவாகச் சுற்றி எடுத்து, வெளிச்சத்தில் பாருங்கள். நுனியில் மலத்தின் நிறம் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் மறுபடி எடுக்க வேண்டும், அல்லது மலம் கழித்த பிறகு அதிலிருந்து எடுத்து அனுப்ப வேண்டும். நியூட்ரோஃபில் என்ற வெள்ளை அணுக்கள் மிகக் குறைந்த புற்றுநோயாளிகளிடம் மலக்குடலுக்குள் எதையும் நுழைப்பதற்கு முன் மருத்துவரிடம் கேளுங்கள். அவர்களுக்கு மல மாதிரியே நல்லது.

திரையை முழுவதும் இழுத்துவிடுங்கள். பாட்டியிடம் அவருக்குப் புரியும் தமிழில் சொல்லுங்கள்: "பாட்டி, குடல்ல மருந்துக்குக் கேக்காத கிருமி எதாவது ஒளிஞ்சிருக்கான்னு பாக்கணும். சின்னப் பஞ்சுக் குச்சிதான், வலிக்காது, ஒரு நிமிஷம்." ஒருக்களித்துப் படுக்கவைத்து, போர்வையால் மூடி, தேவையான இடத்தை மட்டும் விலக்குங்கள். முடிந்ததும் லேபிளைக் கட்டில் பக்கத்திலேயே ஒட்டுங்கள். பெயரையும் அடையாள எண்ணையும் கைப்பட்டையோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே ஒட்ட வேண்டும். கவுண்டருக்கு எடுத்துப்போய் மொத்தமாக ஒட்டும் பழக்கம் வேண்டவே வேண்டாம்.

காய்ச்சல் வந்து இரத்தக் கல்ச்சர் (இரத்தத்தில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் சோதனை) கேட்டிருந்தால் விதிகள் வேறு. பெரியவர்களுக்கு ஒவ்வொரு புட்டியிலும் 8 முதல் 10 மி.லி. இரத்தம் போக வேண்டும். இரண்டு செட், இரண்டு தனித்தனி இடங்களில் குத்தி எடுக்க வேண்டும். முடிந்தவரை முதல் ஆன்டிபயாட்டிக் ஏறுவதற்கு முன்பே. 3 மி.லி. மட்டும் ஊற்றிய புட்டியில் கிருமி வளராமலே போகலாம்.

லேப்பில் நடப்பது

ஸ்வாப் பெரும்பாலும் முதலில் குரோமோஜெனிக் அகார் (கிருமிக்கு ஏற்ப நிறம் காட்டும் வளர்ப்புக் கூழ்) தட்டில் பரப்பப்படும். தேடும் கிருமி வளர்ந்தால் அதற்கென்று ஒரு நிறத்தில் காலனிகள் (கிருமித் திட்டுகள்) தெரியும். எந்த நிறம் என்பது தயாரிப்பாளரைப் பொறுத்து மாறும் என்பதால், பழைய லேப்பில் பழகிய நிறத்தை மனத்தில் வைத்து இங்கே படிக்காதீர்கள். தட்டோடு வரும் தாளைப் படியுங்கள். அப்புறம் மால்டி-டாஃப் கருவி கிருமியின் பெயரைச் சில நிமிடங்களில் சொல்லிவிடும். மருந்துக்குக் கட்டுப்படுமா என்பதை விடெக் போன்ற தானியங்கிக் கருவிகள் சோதிக்கும்.

இருந்தாலும் டிஸ்க் முறையைக் கையால் செய்யக் கற்றுக்கொள்ளுங்கள். கிருமி பரப்பிய தட்டில் மருந்து ஊறிய சிறு வட்டத் தாளை (டிஸ்க்) வைத்து, அதைச் சுற்றிக் கிருமி வளராத வளையத்தை அளப்பது அது. கருவி சந்தேகமாக ஒன்றைச் சொன்னால் கடைசியில் எல்லாரும் இங்கேதான் வந்து நிற்பார்கள். கிருமிக் கரைசலின் கலங்கல், மெக்ஃபார்லண்ட் என்ற கலங்கல் அளவீட்டில் 0.5 ஆக இருக்க வேண்டும். கரைத்த 15 நிமிடத்துக்குள் முல்லர்-ஹின்டன் என்ற அகார் தட்டில் மூன்று திசைகளில் பரப்ப வேண்டும். அகாரின் ஆழம் 4 மி.மீ. ஆழம் குறைந்தால் வளையம் பெரிதாகிக் கிருமி மருந்துக்கு அடங்குவதாகப் பொய்த்தோற்றம் காட்டும். கலங்கல் நீர்த்துப்போனாலும் அப்படியே. 35 டிகிரி செல்சியஸில் 16 முதல் 18 மணி நேரம் வைத்து எடுத்து, தட்டைக் கருப்புப் பின்னணியில் கவிழ்த்துப் பிடித்து, வளையத்தின் விட்டத்தை அளவுகோலால் அளக்க வேண்டும். எம்ஆர்எஸ்ஏவுக்குச் செஃபாக்சிடின் 30 மைக்ரோகிராம் டிஸ்க்: 22 மி.மீ. அல்லது அதற்கு மேல் என்றால் சாதாரண ஸ்டெஃபிலோகாக்கஸ், 21 அல்லது அதற்குக் கீழ் என்றால் எம்ஆர்எஸ்ஏ. ஒரே ஒரு மில்லிமீட்டர் ஒரு நோயாளியின் மருந்தை மாற்றுகிறது. அதனால் 21, 22 என்று வரும்போது இன்னொருவரைக் கூப்பிட்டு அளக்கச் சொல்வதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

வளையத்தின் அளவை எந்த அட்டவணையை வைத்துப் படிக்கிறீர்கள் என்பதும் முக்கியம். அமெரிக்க சிஎல்எஸ்ஐ, ஐரோப்பிய யூகாஸ்ட் என இரண்டு உண்டு. ஈ. கோலையைச் சுற்றி மெரோபெனெம் வளையம் 18 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். சிஎல்எஸ்ஐ அதை எதிர்ப்பு என்கிறது. யூகாஸ்ட்படி, அதிக அளவு கொடுத்தால் கேட்கும். உங்கள் லேப் எதைப் பின்பற்றுகிறதோ அதை மட்டும் பின்பற்றுங்கள். ஒன்றின் எண்ணை இன்னொன்றின் வார்த்தையோடு கலந்துவிடக் கூடாது.

சிபிஇயில் இன்னொரு பொறி இருக்கிறது. ஓஎக்ஸ்ஏ-48 சுரக்கும் கிருமி சில சமயம் மெரோபெனெமுக்குக் கட்டுப்படுவதுபோலவே தெரியும். யூகாஸ்ட் அட்டவணையில் 22 மி.மீ. அல்லது அதற்கு மேல் என்றால் மருந்து கேட்கும் என்று அர்த்தம். ஆனால் 24 வந்தாலும் நொதி இருக்கிறதா என்று மேற்கொண்டு சோதித்தே ஆக வேண்டும். சிகிச்சைக்கான எல்லை வேறு, சந்தேகத்துக்கான எல்லை வேறு.

நொதி இருப்பதை உறுதி செய்ய மலிவான வழி எம்சிம் சோதனை. கிருமியை 1 மைக்ரோலிட்டர் வளையக் கம்பியில் எடுத்து 2 மி.லி. டிரிப்டிக் சோயா திரவத்தில் கரைத்து, அதில் மெரோபெனெம் டிஸ்க்கை 4 மணி நேரம் ஊறவிடுவார்கள். பிறகு அந்த டிஸ்க்கை எடுத்து, மருந்துக்கு எளிதில் அடங்கும் ஈ. கோலையின் ஏடிசிசி 25922 என்ற சோதனை வகையைப் பரப்பிய தட்டில் வைப்பார்கள். நொதி மருந்தைத் தின்றுவிட்டிருந்தால் டிஸ்க்கைச் சுற்றி ஈ. கோலை தாராளமாக வளரும். வளையம் 15 மி.மீ. வரை இருந்தால் நொதி உண்டு. 19 அல்லது அதற்கு மேல் தெளிவாக இருந்தால் இல்லை. இடைப்பட்டதை உங்கள் மேற்பார்வையாளரிடம் காட்டுங்கள். அவசரம் என்றால் ஜீன்எக்ஸ்பெர்ட் கார்பா-ஆர் இருக்கிறது. ஸ்வாப்பிலிருந்து நேரடியாகவே கேபிசி, என்டிஎம், விஐஎம், ஐஎம்பி, ஓஎக்ஸ்ஏ-48 மரபணுக்களை ஒரு மணி நேரத்துக்குள் தேடிச் சொல்லும். பட்டியலில் இல்லாத மரபணுவை அது காணாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

கோலிஸ்டினை மட்டும் டிஸ்க் வைத்துச் சோதிக்காதீர்கள். அந்த மருந்து அகாரில் சரியாகப் பரவாது. மருந்தைப் படிப்படியாக நீர்த்த திரவங்களில் கிருமியை வளர்த்துப் பார்க்கும் திரவ நீர்ப்பு முறைதான் நம்பகமானது.

தரக்கட்டுப்பாட்டுக் கிருமிகளைச் சோதித்து வரம்புக்குள் வந்த பிறகே நோயாளி முடிவுகளை வெளியிட வேண்டும். இதில் பேச்சுக்கு இடமில்லை.

முடிவு வந்ததும்

சிபிஇ உறுதியானால் தொலைபேசியை எடுங்கள். கணினியில் பதிந்துவிட்டோம், அவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று இருக்க வேண்டாம். வார்டில் தொலைபேசியை எடுத்தவரின் பெயரைக் கேட்டு எழுதுங்கள், சொன்னதைத் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள், நேரத்தைக் குறியுங்கள். தொற்றுக் கட்டுப்பாட்டுக் குழுவுக்கும் தனியாகச் சொல்லுங்கள். லேப் மாலை 5 மணிக்குக் கண்டுபிடித்ததை வார்டு மறுநாள் காலை 9 மணிக்குப் பார்த்தால், இடையில் ஒரு முழு இரவு கைகள் பல கட்டில்களைத் தொட்டிருக்கும்.

வார்டில் முதல் வேலை, அவரைத் தனி அறைக்கு மாற்றுவது. பல கட்டில்கள் உள்ள பி2, சி வகுப்பு வார்டுகளில் தனி அறை எப்போதும் கிடைக்காது. அப்போது ஒரே வகைக் கிருமி உள்ளவர்களை ஒரே அறையில் சேர்த்து வைப்பார்கள். என்டிஎம் உள்ளவரையும் ஓஎக்ஸ்ஏ-48 உள்ளவரையும் சேர்க்கலாமா என்று நீங்களாக முடிவெடுக்காதீர்கள், குழுவிடம் கேளுங்கள். கையுறை, கவுன் போட வேண்டும். இரத்த அழுத்தக் கருவி, வெப்பமானி, ஸ்டெதஸ்கோப் அவருக்கென்று தனியாக வேண்டும். கையுறையைக் கழற்றிய பிறகும் கையில் ஆல்கஹால் தேய்க்க வேண்டும், 20 முதல் 30 நொடி. கழிப்பறையும் கைகழுவும் தொட்டியும் சிபிஇ ஒளிந்துகொள்ளும் இடங்கள். மீதமான பானத்தையோ உடல் கழுவிய நீரையோ கைகழுவும் தொட்டியில் ஊற்றாதீர்கள்.

அடுத்தது, கூட இருந்தவர்களைத் தேடுவது. கணினியில் கட்டில் வரலாற்றை எடுத்து, அதே அறையில் எந்தெந்த நாள்களில் யார் யார் இருந்தார்கள் என்று பட்டியல் போட்டு, அவர்களுக்கும் ஸ்வாப் எடுக்க வேண்டும். வீட்டுக்குப் போய்விட்டவர்கள் பதிவில் குறி போட்டுவைத்தால், அடுத்த முறை வரும்போது கதவிலேயே தெரியும். முதல் ஸ்வாப்பில் இல்லை என்று வந்தவருக்கும் சில நாள் கழித்து மறுபடி எடுக்கச் சொல்வார்கள். கிருமி குடலில் எண்ணிக்கையில் பெருகும்வரை சோதனையில் தெரியாமல் இருக்கலாம்.

குடும்பத்தாருக்கு விளக்கும் பொறுப்பு பல சமயம் தமிழ் தெரிந்த உங்கள் தலையில்தான் விழும். "அப்பாவுக்கு என்னமோ பெரிய வியாதின்னு கவுன் போட்டுட்டு வராங்களே" என்று மகன் கலங்கி நிற்பார். அப்பாவுக்கு இந்தக் கிருமியால் இப்போது நோய் இல்லை, கிருமி தங்கியிருக்கிறது, மற்ற நோயாளிகளுக்குப் போகாமல் இருக்கத்தான் இந்த ஏற்பாடு என்று நிதானமாகச் சொல்லுங்கள். கையைப் பிடித்துப் பேசலாம். வெளியே வரும்போது கை சுத்தம் செய்ய வேண்டும். வீட்டுச் சாப்பாடு கொண்டுவந்தால் ஊட்டலாம், ஆனால் அடுத்த கட்டில்காரருடன் பகிர வேண்டாம். மற்ற கட்டில்களில் உட்கார வேண்டாம். ஒதுக்கிவைத்துவிட்டார்கள் என்ற நினைப்பு அந்தப் பெரியவருக்கு வராமல் பார்த்துக்கொள்வதும் நம் வேலைதான். தனி அறைக்காரரிடம் போய்ப் பேசுகிறவர்கள் குறைந்துவிடுகிறார்கள் என்பதை வார்டில் கண்ணால் பார்க்கலாம்.

எண்ணுவது

மாத முடிவில் "இந்த மாதம் நான்கு, போன மாதம் இரண்டு" என்று சொன்னால் ஒன்றும் புரியாது. வார்டில் எத்தனை பேர் எத்தனை நாள் இருந்தார்கள் என்பதோடு சேர்த்துச் சொல்ல வேண்டும். உதாரணமாக, 2,000 நோயாளி-நாள்களில் புதிதாக 4 பேருக்கு வந்திருந்தால், 1,000 நோயாளி-நாள்களுக்கு 2. இதில் சேரும்போதே கொண்டுவந்தவர்களைச் சேர்க்கக் கூடாது. சேர்ந்து 48 மணி நேரத்துக்குப் பின் எடுத்த மாதிரியில் முதன்முறையாகத் தெரிந்தால், அது இங்கே வந்ததாகக் கொள்வது வழக்கம். சேரும்போது நாம் ஸ்வாப் எடுக்க மறந்த நோயாளிக்குப் பிறகு பாசிட்டிவ் வந்தால், குற்றம் உங்கள் வார்டின் கணக்கில் ஏறும். உண்மை யாருக்கும் தெரியாமல் போகும்.

ஸ்வாப் அதிகம் எடுத்தால் எண்ணிக்கையும் ஏறும். அதைக் கண்டு மேலிடம் முகம் சுளித்தாலும் ஸ்வாப்பைக் குறைக்காதீர்கள். பூஜ்யம் காட்டும் வார்டைப் பார்த்தால் நான் முதலில் கேட்பது, அங்கே எத்தனை பேருக்குச் சோதித்தார்கள் என்பதைத்தான்.

ஆண்டுக்கு ஒருமுறை போடும் ஆன்டிபயோகிராமுக்குத் தனி விதிகள். எந்தக் கிருமிக்கு எந்த மருந்து எத்தனை சதவீதம் கேட்கிறது என்ற பட்டியல் அது. ஒரு நோயாளியிடமிருந்து ஒரு வகைக் கிருமியின் முதல் மாதிரியை மட்டும் எடுக்க வேண்டும். தேடல் ஸ்வாப்களைச் சேர்க்கக் கூடாது. 30 மாதிரிகளுக்குக் குறைந்தால் சதவீதம் போடக் கூடாது. உலக சுகாதார நிறுவனத்தோடு இணைந்து உருவான ஹூநெட் மென்பொருள் இதை இலவசமாகவே செய்துதரும்.

உங்கள் எண்கள் வார்டோடு நிற்பதில்லை. சிங்கப்பூர் 2017இல் மருந்து எதிர்ப்புக்கான தேசியச் செயல்திட்டத்தை வெளியிட்டது; மனிதர், விலங்கு, உணவு, சுற்றுச்சூழல் எல்லாவற்றையும் ஒன்றாகப் பார்க்க 2018இல் ஓர் ஒருங்கிணைப்பு அலுவலகமும் வந்தது. ஆன்டிபயாட்டிக் பயன்பாட்டைக் கண்காணிக்கும் குழுக்கள் பொது மருத்துவமனைகளில் உண்டு. வார்டுக்கு வந்து "இந்த மெரோபெனெம் இன்னும் தேவையா?" என்று கேட்கும் மருந்தாளர் அந்தக் குழுவைச் சேர்ந்தவராக இருக்கலாம். அவருக்குத் தேவையான கல்ச்சர் முடிவை எடுத்துக் கொடுங்கள். 2019இல் மட்டும் மருந்துக்கு அடங்காத பாக்டீரியாவால் உலகில் 12.7 லட்சம் பேர் இறந்ததாக ஓர் ஆய்வு கணக்கிட்டது. அவர் கேட்கும் கேள்வி அற்பமானதல்ல.

அனுப்பும்போது

நோயாளி வீட்டுக்கோ தாதிமை இல்லத்துக்கோ சமூக மருத்துவமனைக்கோ போகும் நாளில், விடுவிப்புக் கடிதத்தில் மூன்று விவரங்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள்: எந்தக் கிருமி, எந்த நொதி, எந்தத் தேதியில் எங்கிருந்து எடுத்த மாதிரி. "சிபிஇ பாசிட்டிவ்" என்று மட்டும் எழுதி அனுப்பினால், வாங்கிக்கொள்பவர் மறுபடி தொடக்கத்திலிருந்து தேட வேண்டியிருக்கும். ஆம்புலன்ஸ் ஊழியர்களிடம் வாயாலும் சொல்லுங்கள். கணினியில் உள்ள எச்சரிக்கைக் குறியை நீங்களாக எடுத்துவிடாதீர்கள். குடலில் இந்தக் கிருமி பல மாதங்கள் தங்கும், ஒரு ஸ்வாப்பில் காணாமல் போய் அடுத்ததில் திரும்பி வருவதும் உண்டு. எடுக்கும் அதிகாரம் தொற்றுக் கட்டுப்பாட்டுக் குழுவுக்கு மட்டுமே. காலியான அறையை இறுதிச் சுத்தம் செய்து முடித்ததாகத் துப்புரவுக் குழு கையெழுத்திட்ட பிறகு அடுத்தவரை உள்ளே அனுப்புங்கள். திரைச்சீலை மாற்றியிருக்கிறதா என்று நீங்களே ஒருமுறை பார்த்துவிடுங்கள்.